படிக்கப் போன அம்மா

“நாலரை வயசுப் பிள்ளையை விட்டுட்டு எப்படித்தான் மனசு வந்து போனே?”

டோக்கியோவில் படித்து முடித்து மதுரைக்குத் திரும்பிய என்னிடம் கல்யாண வீட்டிலும், காய்கறிக் கடையிலும், டாக்டரிடம் காத்திருக்கும் பெஞ்சிலும் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ‘அங்கே என்ன படித்தாய்?’ என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்கள் பேரில் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு அதுதானே முதலில் தோன்றும்! ஆனால் ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாளைக்கு உங்கள் வீட்டுப் பெண்ணோ மருமகளோ இப்படிக் கிளம்ப நேர்ந்தால் உதவியாக இருக்கட்டும்.

நான் மனையியல் படித்தவள். ஊட்டச்சத்து என் பாடம். கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு, ஜப்பான் அரசின் உதவித்தொகைக்கு மனுப் போட்டேன். எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் முடிந்து, 2014-ல் கிடைத்தே விட்டது. படிப்புச் சம்பளம் கிடையாது. போக வர விமான டிக்கெட் அவர்களே தந்துவிடுவார்கள். கைச்செலவுக்கு மாதம் ஒன்றரை லட்சம் யென்னுக்குச் சற்றுக் குறைவு. ஒரு யென் அப்போது நம் அரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. குடும்பத்தை அழைத்துப் போனால் அதற்கென்று தனிப்பணம் கிடையாது.

தயங்கிக்கொண்டிருந்த என்னைக் கிளப்பியது யார் தெரியுமா? என் மாமியார்தான். “எனக்கு அஞ்சாங்கிளாஸோட நிறுத்திட்டாங்க. உனக்குக் கிடைச்சதை ஏன் விடணும்? பிள்ளையை நான் பாத்துக்கறேன். ஆறு வயசு முடியட்டும், அங்கேயே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைக்கறேன். போயிட்டு வாம்மா” என்றார். என் வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர். அவரும் சரி என்றார். 2014 அக்டோபரில் கிளம்பினேன்.

மூன்றரை மணி நேரத் தூரம்

டோக்கியோ நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும் ஊர். இங்கே மாலை ஆறு மணி என்றால் அங்கே இரவு ஒன்பதரை. பையன் விளையாடிவிட்டு வரும் நேரத்தில் நான் அறைக்குத் திரும்பி, செல்போனில் முகம் பார்த்துப் பேசுவேன். முதல் இரண்டு மாதம் ஆசையாகப் பேசினான். மூன்றாவது மாதம் வரவே மாட்டேன் என்றுவிட்டான். “அத்தை, கொஞ்சம் கூப்பிடுங்களேன்” என்பேன். “கட்டிலுக்கு அடியிலே போயி ஒளிஞ்சுக்கிட்டானேம்மா” என்பார்.

வெளியே எலும்பைக் குத்தும் குளிர். ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்திருக்கும். படித்த எழுத்தெல்லாம் கலங்கித் தெரியும். திரும்பிப் போய்விடலாம் என்று அந்த ஜனவரியில் ஒருநாள் முடிவே கட்டிவிட்டேன். அத்தையிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அவன் உன்மேல கோபமா இருக்கான், அவ்வளவுதான். கோபப்படறான்னா மறக்கலைன்னு அர்த்தம். அவனைப் பேசச் சொல்லாதே. நீ ஒரு கதை சொல்லு, நான் போனைப் பக்கத்துல வெக்கறேன்” என்றார்.

அன்றிலிருந்து கட்டிலுக்கு அடியில் இருக்கும் பிள்ளைக்குக் கதை சொன்னேன். ரயிலில் பார்த்தது, கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டுப் பூனை எல்லாமே கதைதான். பத்துப் பதினைந்து நாள் கழித்து, “பூனைக்கு என்ன பேரு?” என்று குரல் வந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சமையலறையில் சில பாடங்கள்

ஊட்டச்சத்துப் படிக்கப் போனவள் சாப்பாட்டுக்குத் திண்டாடினால் எப்படி? நாங்கள் சைவம். ஜப்பானில் மீனையும் மாமிசத்தையும் ஒதுக்கினால் மட்டும் போதாது. அவர்கள் சூப்புக்கும் நூடுல்ஸுக்கும் காய் வேகவைப்பதற்கும் அடிப்படையே ‘தாஷி’ என்கிற சாறு. கடல்பாசியும், காய்ந்த மீனைச் சீவிய துருவலும் போட்டு இறக்குவது. பார்த்தால் தெளிந்த வெந்நீர் மாதிரி இருக்கும். மாணவர்களில் சைவர்கள் ஆளுக்கொரு சீட்டில் ஜப்பானிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு கடையில் காட்டுவோம்.

ஆனால் சைவத்துக்கு வழியில்லாத ஊர் என்று சொல்ல மாட்டேன். டோஃபு எனும் சோயாக் கட்டி எந்தக் கடையிலும் மலிவு. முள்ளங்கி நம் கை நீளத்துக்குக் கிடைக்கும். பரங்கிக்காயை அவர்கள் தோலோடு சமைப்பார்கள். வெண்டைக்காய்க்கு அங்கே ‘ஓகுரா’ என்று பெயர். பருப்பு, புளி, உளுந்து, கறிவேப்பிலை வேண்டுமானால் எடோகாவா வட்டத்தில் நிஷி-கசாய் என்ற பகுதிக்குப் போக வேண்டும். இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் இடம். அங்கே முதன்முதலாகப் பெருங்காய வாசனை மூக்கில் ஏறியபோது கடை வாசலிலேயே நின்றுவிட்டேன்!

ஜப்பானிய அரிசி குட்டையானது, குழைந்து ஒட்டும். ரசத்துக்கும் குழம்புக்கும் லாயக்கில்லை. தயிர்சாதத்துக்கும் பொங்கலுக்கும் அதை மிஞ்சி ஒன்று கிடையாது. மார்கழிக் குளிரில் இட்லி மாவு புளிக்காது. அங்கே ‘கொதாத்ஸு’ என்று ஒரு தாழ்வான மேஜை உண்டு. அடியில் சின்ன ஹீட்டர் இருக்கும். மேலே மெத்தை விரித்துக் காலை உள்ளே நீட்டி உட்காருவார்கள். நான் மாவுப் பாத்திரத்தையும் அதற்குள் உட்கார வைத்தேன். காலையில் மாவு பொங்கி நிற்கும்.

இன்னொன்று: இங்கேயிருந்து மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஜப்பான் வீடுகளில் மின்சாரம் 100 வோல்ட்தான். நம் 230 வோல்ட் மிக்ஸி அங்கே முனகும், அரைக்காது.

வீடு தேடிய கதை

2016 மார்ச்சில் பையன் வருவதாக ஏற்பாடு. மாணவர் விடுதியில் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. வீடு தேடினேன். அங்கே வாடகை முன்பணம் தவிர, ‘ரெய்கின்’ என்று வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஒரு மாத வாடகையோ இரண்டு மாத வாடகையோ கேட்பார்கள், திரும்பி வராது. உத்தரவாதம் சொல்ல ஓர் ஆளும் வேண்டும்.

அதையெல்லாம் திரட்டிக்கொண்டு போனால், தரகர் கடையில் போனை வைத்துவிட்டுத் தலை குனிந்து, “மன்னிக்க வேண்டும், வெளிநாட்டவர் வேண்டாமாம்” என்பார்கள். நான்கு வீடு இப்படிக் கை நழுவியது. மரியாதையாகத்தான் சொன்னார்கள். மரியாதையாகச் சொன்னாலும் வலிக்கத்தானே செய்யும்?

ஐந்தாவது வீட்டின் சொந்தக்காரி எழுபத்தைந்து தாண்டிய பாட்டி. கீழே அவர், மேலே வாடகை வீடு. என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. “குப்பையைப் பிரித்துப் போடுவாயா? பையன் மாடியில் குதிப்பானா?” முதலாவதற்கு ‘ஆமாம்’, இரண்டாவதற்கு ‘குதிப்பான்’ என்றேன். சிரித்துவிட்டார். ஆறு பாய் விரிக்கும் அளவுக்கு ஓர் அறை, ஒரு சமையலறை. அங்கே அறையின் அளவைப் பாய்க் கணக்கில்தான் சொல்வார்கள்.

குப்பை என்றால் லேசில்லை! எரியும் குப்பை, எரியாத குப்பை, பாட்டில், டின், காகிதம் என்று தனித்தனி நாள். தப்பான நாளில் வைத்த பை ஒட்டிய சீட்டோடு அங்கேயே கிடக்கும். அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் கொட்டக்கூடாது. அதற்கென்று விற்கும் பொடியைச் சூடான எண்ணெயில் கலந்தால் ஆறியதும் கட்டியாக உறைந்துவிடும். எடுத்து எரியும் குப்பையில் போட வேண்டியதுதான்.

பட்டுப் புடவையும் பழம்புடவையும்

என் வீட்டுக்காரர் பையனைக் கொண்டுவந்து விட்டார். மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பினார். விமான நிலையத்தில் பையன் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான். கட்டிக்கொள்ளவில்லை. என் விரல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டான். ஒன்றரை வருஷப் பிரிவுக்கு அதுவே பெரிது என்று இருந்தேன்.

ஜப்பானில் ஏப்ரல் முதல் தேதிக்குள் ஆறு வயது நிரம்பிய குழந்தைகள் அந்த ஏப்ரலில் முதல் வகுப்பில் சேருகிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் வட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டால் பக்கத்து அரசுப் பள்ளியில் சம்பளம் இல்லாமல் இடம் தருகிறார்கள். பள்ளி துவங்கும் நாள் அங்கே ஒரு திருவிழா. செர்ரிப் பூக்கள் கொட்டிக்கொண்டிருக்க, தாய்மார்கள் விசேஷ உடையில் வருவார்கள். நான் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன்.

அதற்கு முன் பள்ளியிலிருந்து ஒரு பட்டியல் வந்திருந்தது. புத்தகப் பை இவ்வளவு நீளம், செருப்புப் பை இவ்வளவு அகலம், தரை துடைக்கத் தைத்த துணி என்று எல்லாவற்றுக்கும் அளவு. பென்சிலிலும், கணக்குச் சொல்லித்தரும் குச்சிகள் ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் எழுத வேண்டும்! இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். பைகளை என் பழைய சுங்குடிப் புடவையில் கையாலேயே தைத்தேன். வகுப்பில் அவன் பை மட்டும் தூரத்திலிருந்தே தெரியும்.

முதல் சில நாள் ஆசிரியர்கள் கூட்டமாக வழி காட்டுகிறார்கள். அப்புறம் பிள்ளைகள் தாமாக நடந்து போக வேண்டியதுதான். மஞ்சள் தொப்பி, முதுகில் கனமான தோல் பை, அதன் பட்டையில் இழுத்தால் அலறும் ஒரு சின்னக் கருவி. வழியில் சில வீடுகளிலும் கடைகளிலும் ஒட்டியிருக்கும் அட்டைக்கு, ‘பயமாக இருந்தால் இங்கே ஓடி வா’ என்று பொருள். தெரு முனையில் பெற்றோர் முறை வைத்துக் கொடி பிடித்து நிற்பார்கள். எனக்கும் முறை வந்தது.

மதுரையில் தெருவைத் தாண்டக் கை பிடித்த பிள்ளை. இரண்டு நாள் சற்றுத் தள்ளிப் பின்னாலேயே போனேன். மூன்றாம் நாள் திரும்பிப் பார்த்து, “அம்மா, நீ காலேஜுக்குப் போ” என்றான். போனேன். அன்றைக்குப் பாடம் ஒன்றும் ஏறவில்லை, அது வேறு விஷயம்!

பள்ளி விட்ட பிறகு ஆறு மணிவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ‘ககுதோ’ என்ற ஏற்பாடு உண்டு. வேலைக்குப் போகும் தாய்மார்களும் என்னைப் போல் படிக்கிறவர்களும் நம்பியிருப்பது அதைத்தான்.

தலைமையாசிரியர் முதலில் சாப்பிடுவார்

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். நான் ஆராய்ந்தது பள்ளி மதிய உணவு. மகனும் அதையே சாப்பிட்டதால், ஏட்டுப் படிப்பும் வீட்டுப் படிப்பும் ஒன்றாகிவிட்டது.

ஜப்பானில் பள்ளி உணவுச் சட்டம் வந்தது 1954-ல். யுத்தத்துக்குப் பின் பசியில் வாடிய பிள்ளைகளுக்காகத் துவங்கிப் பரவிய ஏற்பாடு. எங்கள் வீட்டுப் பாட்டி அந்தக் காலத்துப் பள்ளிப் பிள்ளை. “வெளிநாட்டிலிருந்து வந்த பால் பவுடரைக் கரைத்துக் கொடுப்பார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்போம். ஆனால் அன்றைக்கு அது ஒன்றுதான் வயிற்றுக்கு” என்று சொன்னார். நம் ஊரில் காமராஜர் காலத்தில் 1956-ல் மதிய உணவு பரவியதையும், 1982-ல் எம்.ஜி.ஆர் சத்துணவாக விரித்ததையும் அவரிடம் சொன்னேன். “எல்லா ஊரிலும் பசி ஒன்றுதான்” என்றார்.

ஒவ்வொரு மாதமும் உணவுப் பட்டியல் முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடும். அதில் பொருள்களை மூன்று நிறமாகப் பிரித்திருப்பார்கள். சிவப்பு என்றால் உடம்பை வளர்ப்பது: பருப்பு, பால், முட்டை, மீன். மஞ்சள் என்றால் சக்தி தருவது: அரிசி, எண்ணெய், கிழங்கு. பச்சை என்றால் உடம்பைச் சீராக வைப்பது: காய், பழம். ஆறு வயதுப் பிள்ளை தட்டைப் பார்த்து, “அம்மா, இன்னிக்குப் பச்சை குறைவு” என்கிறான்! இதை நீங்கள் நாளைக்கே உங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். காசு செலவில்லை.

பரிமாறுவதற்கு முன் தலைமையாசிரியரோ பொறுப்பானவரோ சாப்பிட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பிறகு பிள்ளைகளே வெள்ளை மேலங்கியும் தொப்பியும் மாட்டி, முறை வைத்துப் பரிமாறுவார்கள். ஆசிரியரும் வகுப்பிலேயே அதையேதான் சாப்பிடுவார். முடிந்ததும் பாத்திரம் அடுக்குவது, தரை துடைப்பது எல்லாம் பிள்ளைகள் வேலை. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதம் கிடையாது.

மாமிசமும் மீனும் வரும் நாட்களுக்கு என்ன செய்வது? பள்ளியின் உணவு நிபுணரோடு உட்கார்ந்து பேசினேன். பட்டியலில் அந்த நாட்களைக் குறித்துக் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் வீட்டிலிருந்து டப்பா. பையனை யாராவது கேலி செய்வார்களோ என்று உள்ளூரப் பயந்தேன். ஒருநாள் தினக்குறிப்பு நோட்டில் ஆசிரியை எழுதியிருந்தார்: ‘எலுமிச்சைச் சாதத்தின் மஞ்சள் நிறம் எப்படி வந்தது என்று வகுப்பே கேட்கிறது.’ மஞ்சள் கிழங்கு ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.

காய்ச்சலும் நிலநடுக்கமும்

ஜூன் மாத மழையில் ஓர் இரவு ஒன்பது மணிக்குப் பையனுக்குக் காய்ச்சல் 39.5 டிகிரி. நம் கணக்கில் 103. அக்கம்பக்கம் ஒன்றும் ஓடவில்லை. ஜப்பானில் #8000 என்று ஒரு போன் எண் உண்டு. குழந்தைக்கு இரவில் உடம்பு சரியில்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடலாமா, காலைவரை பொறுக்கலாமா என்று நர்சோ டாக்டரோ சொல்வார்கள். தண்ணீர் குடிக்கிறானா, சிறுநீர் போகிறதா, கூப்பிட்டால் முகம் பார்க்கிறானா, வலிப்பு வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். என் அரைகுறை ஜப்பானிய மொழிக்காக மெதுவாகவே பேசினார்கள். இன்ன இன்ன அறிகுறி தெரிந்தால் 119-க்குக் கூப்பிடு, இல்லையென்றால் காலையில் டாக்டரிடம் போ என்றார்கள். அந்த நாலு கேள்வியை எழுதிச் சுவரில் ஒட்டினேன். மதுரை வீட்டுச் சுவரிலும் இப்போது இருக்கிறது.

வைத்தியச் செலவு பயமுறுத்தவில்லை. மாணவர்களும் அரசுக் காப்பீட்டில் சேர வேண்டும். பெரியவர்கள் செலவில் 30 சதவீதம் கட்டினால் போதும். எங்கள் வட்டத்தில் பள்ளிப் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

அடுத்தது பூமி ஆடுவது. 1923 செப்டம்பர் 1-ம் தேதி, பகல் 11.58-க்கு வந்த நிலநடுக்கத்தில் டோக்கியோவும் சுற்றுவட்டாரமும் லட்சம் பேருக்கு மேல் இழந்தன. இடிந்து செத்தவர்களைவிட எரிந்து செத்தவர்கள் அதிகம். காரணம்? மதியச் சமையல் நேரம். வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இன்று அங்கே பலமாக ஆடினால் காஸ் மீட்டர் தானே அடைத்துக்கொள்ளும். பள்ளியில் பிள்ளைகளின் நாற்காலியில் போட்டிருக்கும் மெத்தைதான் ஆபத்தில் தலைக்கு முக்காடு!

2016 நவம்பர் 22-ம் தேதி காலை ஆறு மணிக்குச் சற்று முன், ஃபுகுஷிமா கடலோரத்தில் வந்த அதிர்ச்சி டோக்கியோவிலும் உணரப்பட்டது. நான் விழித்து எழுவதற்குள் பையன் மேஜைக்கு அடியில். “அம்மா, வா! தலையை மூடு!” என்று என் கையைப் பிடித்து இழுத்தான். ஆட்டம் நின்ற பிறகும் விடவில்லை. ஒருகாலத்தில் என்னிடமிருந்து ஒளிந்துகொண்ட பிள்ளை, இப்போது தன் பக்கத்தில் என்னை ஒளித்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்துப் பனி கொட்டியது. டோக்கியோவில் நவம்பரில் பனி விழுந்து 54 வருஷம் ஆயிற்று என்றார்கள். இருவரும் இட்லித் தட்டில் பனியை அள்ளி விளையாடினோம்.

கிளம்பும் பெண்களுக்கு

2017 மார்ச்சில் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்:

போவதற்கு ஆறு மாதம் முன்பே அந்த ஊர் எழுத்தைப் படிக்கப் பழகுங்கள். மருந்துச் சீட்டும் பள்ளிக் குறிப்பும் அந்த எழுத்தில்தான் வரும்.

உதவித்தொகைப் பணத்தில் முதல் மூன்று மாதம் கொஞ்சம் ஒதுக்குங்கள். வீட்டு முன்பணத்துக்கு மொத்தமாகத் தேவைப்படும். மாணவர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் 28 மணி நேரம்வரை வேலை செய்யலாம். ஆனால் குழந்தையோடு இருப்பவர்கள் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

குழந்தையின் தடுப்பூசிச் சீட்டை மொழிபெயர்த்து எடுத்துப் போங்கள். அந்த நாட்டில் 1948 முதல் தாய்-சேய் நலப் புத்தகம் இருக்கிறது. கர்ப்பத்திலிருந்து பிள்ளையின் எடை, உயரம், ஊசி எல்லாம் ஒரே புத்தகத்தில் இருக்கும். அது அம்மாவின் கையில் இருக்கும். நீங்களும் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள். வெளியூர் போகாவிட்டாலும் உதவும்.

பிள்ளையை விட்டுப் போக நேர்ந்தால், பேசு பேசு என்று வற்புறுத்தாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் நீங்கள் பேசுங்கள். அது கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் சத்துணவிலும், பரிமாறுமுன் ஆசிரியர் உள்பட இரண்டு மூன்று பெரியவர்கள் ருசி பார்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. மாதம் ஒருநாள் பள்ளிக்குப் போய், அந்தச் சாப்பாட்டை ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். என் மாமியார் போகிறார். உப்புக் குறைந்தால் நேராகச் சொல்லியும்விடுகிறார்!